கேசட் ஓடிய வேகத்தில் ஒரு மெட்டல் பேண்ட்

முதலில் ‘உஸ்ஸ்...’ என்று ஓர் இரைச்சல். அப்புறம் ஒரு கிடார், அதன் மேல் இன்னொரு கிடார்... டிரம்ஸ் இறங்கியதும் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளேயிருந்து அம்மா, "என்னடா, மிக்சி ரிப்பேராயிடுச்சா?" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில், காலேஜ் படிக்கும்போது கைக்கு வந்த த்ராஷ் மெட்டல் ஆல்பம் அது; ராக்கிலேயே அதிரடி வேக ரகம். காப்பியின் காப்பி. கேசட் மேல் பெயர்கூட இல்லை. உலகமே கொண்டாடிய ஆல்பம் என்று பிறகுதான் தெரிந்தது. கோபத்தை இவ்வளவு கச்சிதமாக வாசிக்க முடியுமா என்று பிரமித்துப் போனேன்.

அந்த ஒரு கேசட்டால்தான் நாங்கள் நாலு பேர் பேண்ட் ஆரம்பித்தோம். "எல்லாரும் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கீங்களாப்பா?" என்று பக்கத்து வீட்டு அங்கிள் கேட்கும் அளவுக்குக் கறுப்பு டீ-ஷர்ட்டிலேயே திரிந்தோம்.

கேசட்டோடு சுருதி சேர்க்க முறுக்கியதில் என் கிடார் கம்பிகள் படீர் படீரென்று அறுந்தன. டிரம்ஸ் வாசித்த குணாவின் பாடுதான் திண்டாட்டம். நீலசந்திராவில் அவன் வீட்டில் டிரம்ஸ் ஏது? தலையணை மேல்தான் பிராக்டிஸ்.

காலேஜ் ஃபெஸ்ட் நெருங்கும்போது குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னால ஆகல மச்சா. கேசட்ல வாசிக்கிறவன் மனுஷனே இல்ல. வேற ஆளைப் பாத்துக்கோங்க."

கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தோம். மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் வாசித்து முடித்தான். கூட்டம் கத்தித் தீர்த்தது.

மல்லேஸ்வரத்துக் கன்னடக்கார சீனியர் ஒருவர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். ஒரிஜினல் சிடி வைத்திருந்தவர்.

"சக்கத்தா வாசிச்சீங்க குரு! ஆனா ஒரிஜினல் இவ்ளோ ஃபாஸ்ட் கிடையாதே?"

மறுநாள் அவர் வீட்டில் சிடியைப் போட்டுக் கேட்டோம். கேசட்டைக் காப்பி எடுத்த டேப் டெக்கில்தான் கோளாறு; வேகமும் சுருதியும் ஏறிப் பதிவாகியிருந்தது! நிஜப் பாட்டு இன்னும் நிதானமாக, இன்னும் கனமாக... அப்படி ஓர் அழகு. குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப... அவனைவிட ஃபாஸ்ட்டா வாசிச்சேனாடா நானு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது எந்தப் பாட்டும் போனில் சுத்தமாக, சரியான வேகத்தில் கிடைக்கிறது. பசங்களுக்கு நாங்கள் பட்ட தொல்லை இல்லை... நல்லதுதான்.

போன வாரம் குணாவிடம் கேட்டேன், "அந்த ஸ்பீடுல இப்ப வாசிப்பியாடா?"

தொடையில் விரல்களால் தட்டிப் பார்த்தான்.

"ஒரிஜினல் ஸ்பீடுதான் தெரிஞ்சுபோச்சே மச்சா... இனிமே கை வராது."