ஓட்டையில்லாத பட்டன்

சட்டைக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் காஜாதான். பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பது அவள் வேலை. வாய் திறந்து பேசமாட்டாள்; ஓரக்கண்ணால் ஒன்றையும் விடமாட்டாள்.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர் மாதிரி, தோன்றினால் வரும். நீர்க்கட்டிக்கும் அதுதான் மருந்து என்று டாக்டரம்மா சர்க்கரை மாத்திரை எழுதினார். ஆரம்பத்தில் மாத்திரை வயிற்றைக் கலக்கியதில், காஜா மெஷினைவிடக் கக்கூஸில்தான் அதிகம் உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் ஏங்கிய பிறகு ஒருவழியாகக் குழந்தை தங்கியது. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு அவரும் அதே மாத்திரைதான் போடுகிறார்.

"சக்கரையே இல்லாதவளுக்கு எதுக்குடி சக்கரை மாத்திரை? வயித்துல இருக்கிறதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

காஜாவுக்குப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். மதியம் சாப்பிட்டதும் பக்கத்து மெஷினில் காலர் தைக்கும் காலர் அக்கா, மாத்திரை போடுகிறாளா என்று போலீஸ் மாதிரி முறைப்பாள். காஜா கையை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் குடிப்பாள். விழுங்காத மாத்திரை பட்டன் டப்பாவுக்குப் போய்விடும். குப்பையில் போட்டால், கூட்டுகிற அம்மா ஊருக்கே தண்டோரா போட்டுவிடுவாளே!

ஒருநாள் அவசர ஆர்டர். காஜா கக்கூஸுக்குப் போன நேரம், காலர் அக்கா அவள் மெஷினில் உட்கார்ந்து, டப்பாவில் கைவிட்டு, பார்க்காமலே ஒன்றை வைத்து மிதித்தாள். ஊசி இறங்கியது. கறுப்புச் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி.

"அடியே! இந்தப் பட்டனுக்கு ஓட்டையே இல்லையே!"

டப்பாவைக் கவிழ்த்தாள். திரும்பி வந்த காஜாவுக்கு முகம் செத்துப்போனது. அக்கா திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து நேரே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"உங்க மாமியார் எந்த காலேஜ்ல படிச்சாங்க?" என்றார், காஜா சொன்னதையெல்லாம் கேட்ட டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. குழந்தையின் துடிப்பு சரியாக இருந்தது. காஜா அங்கேயே அழுதுவிட்டாள்.

"உங்களுக்கு இப்ப இது தேவைன்னுதான் குடுக்கறேன். நிறுத்தணும்னா நானே சொல்வேன். பயமா இருந்தா எங்கிட்ட வந்து சண்டை போடும்மா. பட்டன் டப்பாகிட்ட யோசனை கேக்காத."

மறுநாள் விடுமுறை. சாப்பாடு முடிந்து மாமியார் தன் மாத்திரையைப் பிரித்தார். காஜா எதிரிலேயே உட்கார்ந்து தன்னுடையதைப் பிரித்தாள்.

"சொன்னா கேக்கமாட்டியா?"

"நீங்க மட்டும் போடுறீங்களே, அத்தை."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. காஜா மாத்திரையை விழுங்கினாள்.

மாமியார் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்லாக் குடி. தொண்டையில நின்னுச்சுன்னா எம்பேருதான் கெடும்."