கண்ணை மூடிக்கொண்டு பெண் பார்த்தது

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் குடியிருந்த சுந்தரராமன், கல்லூரி ஒன்றின் பௌதிக சோதனைச்சாலையில் டிமான்ஸ்டிரேட்டர். எதையும் உற்றுப் பார்ப்பது அவருடைய தொழில். அந்தத் தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உறை ஊற்றிய பால் தயிராகிவிட்டதா என்று மூடியைத் திறந்து, கரண்டியால் அசைத்துப் பார்ப்பார். ஆகையால் அந்த வீட்டில் தயிர் ஒருநாளும் கெட்டியாக உறைந்ததில்லை. இட்டிலிப் பானையையும் அவர் விட்டுவைத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமையும் காலேஜ் வச்சா என்ன? சர்க்காருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கோ" என்பாள் அவர் மனைவி லலிதாம்பாள்.

இந்தப் பார்வையால் மிகுதியும் துன்புற்றவள் மகள் வாலாம்பாள். தனித்திருக்கையில் நன்றாகப் பாடுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையில் அவள் பாடும்போதோ, தராசு முள்ளைப் பார்ப்பது போலத் தகப்பனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சுருதி விலகிவிடும். இரண்டு வரன்கள் அப்படித் தப்பிப்போயின. மூன்றாவதாக, கரமனையிலிருந்து சேஷன் என்னும் மராமத்து ஓவர்சியர் வருவதாக ஏற்பாடு.

"இதுவும் போனா, இனிமே யார் முன்னாலேயும் வந்து உக்காரமாட்டேன்" என்று வாலாம்பாள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரத்தில், சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கல்லூரி மண்டபத்தில் புதிய பௌதிகத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். எலெக்ட்ரான் என்னும் துகளைக் காணவேண்டுமானால் அதன்மேல் ஒளி பட வேண்டும். பட்ட ஒளியே அதன் போக்கைக் கலைத்துவிடும். அதுமட்டுமன்று, எவரும் அளந்தறியாத வரையில், அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கே இல்லை. சுந்தரராமனுக்குத் தயிரும் சுருதியும் ஒருங்கே விளங்கின. இவ்விளைவு அணுவை ஒத்த நுண்பொருள்களிடத்தில்தான் புலப்படும் என்று பேராசிரியர் முடிவில் எச்சரித்தார். அதற்குள் சுந்தரராமன் பாதி வழி வந்துவிட்டார்.

"கேட்டயா, நாம பாத்தாலே பொருள் மாறிடறது. சயன்ஸே சொல்றது."

"இதைச் சொல்ல மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வரணுமா? வாசல்லே பூசணிக்காய் கட்டியிருக்கேனே, அது என்னத்துக்குன்னு நினைச்சேள்?" என்றாள் லலிதாம்பாள்.

குறித்த நாளில் சேஷனும் அவன் தாயார் பிச்சம்மாளும் வந்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். பெண்ணை அழைக்கும் சமயத்தில் சுந்தரராமன் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"உங்காத்துக்காரருக்கு எங்க மேலே ஏதாவது கோபமோ?" என்றாள் பிச்சம்மாள்.

"கோபமில்லே மாமி. சயன்ஸ்" என்றாள் லலிதாம்பாள்.

சுந்தரராமன் சுவருக்குத் தம் கொள்கையை விளக்கினார். பிச்சம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ நாங்க பாத்தா மட்டும் சாரமில்லையோ, ஒண்ணும் மாறாதோ?"

இதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆயினும் கொள்கை கொள்கைதான். "நீங்களும் செத்த நேரம் கண்ணை மூடிண்டா உத்தமம்."

"நன்னாயிருக்கு. அப்படியே காதையும் பொத்திக்கட்டுமா?"

பிச்சம்மாள் பரிகாசமாகத்தான் கேட்டாள். சுந்தரராமன் சற்றே சிந்தித்தார். "அதே. கேக்கறதும் ஒருவித அளவைதான்."

ஓவர்சியருக்குச் சயன்ஸில் மரியாதை உண்டு. சேஷன் கண்ணை மூடிக் காதில் விரலை வைத்துக்கொண்டான். மகன் செய்தபின் தாயாரும், தலையில் அடித்துக்கொண்டு, அவ்வாறே செய்தாள். சுவர்ப்பக்கம் சுந்தரராமனும் செய்தார்.

வாலாம்பாள் வழக்கப்படி தலைகுனிந்து வந்து அமர்ந்தாள். சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். முன்பு வந்த இருவரிடத்தும் அவள் பார்த்திருந்தது கால் விரல்களை மட்டுமே. இப்போது ஒரு வரனின் முகத்தை முழுதாகப் பார்த்தாள். மெல்லிய மீசை, மோவாயில் ஒரு துளி சொஜ்ஜி. சேஷன் பாடிக்கொண்டிருந்தான். பொழுது போவதற்காக மனத்துக்குள் முனகுவதாகவே அவன் எண்ணம்; காது அடைத்திருந்ததால் குரல் வெளியே வருவது அவனுக்குத் தெரியவில்லை. மோகனத்தில் புறப்பட்ட பாட்டு, இரண்டே அடியில் திசை தவறி, எந்த ராகத்திலும் சேராத இடத்தில் நின்று முழங்கியது.

வாலாம்பாள் தாயாரைப் பார்த்தாள். "அம்மா, எனக்குச் சம்மதம்."

"நீ இன்னும் பாடவே இல்லையேடி."

"அவர் பாடறதைக் கேளேன்."

லலிதாம்பாள் கேட்டாள். "சிவ சிவா. இவருக்கு முன்னாலே நீ எப்படிப் பாடினாலும் கச்சேரிதான்."

அழைத்தால் ஒருவருக்கும் கேட்காதாகையால், அவள் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டாள். சேஷன் கண்ணைத் திறந்தபோது, எதிரே வாலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், குனியவே இல்லை. அவனும் பார்வையை எடுக்கவில்லை.

"பொண்ணு பாடினாளாடா? எப்படி?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

"பாட்டு நன்னா இருந்ததும்மா" என்றான் சேஷன்.

"அப்போ நாள் பாத்துடலாம்."

சுந்தரராமன் சுவரைவிட்டுத் திரும்பாமலே, "நான் சொன்னேனோல்லியோ?" என்றார்.