கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று இருந்தேன். கேட்டில் செல்வியின் குரல்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. புது டிஸ்க்கை மாட்டிட்டோம். கம்ப்யூட்டர் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

விளாங்குடியில் எங்களுக்கு எதிர்வீடு. செல்வி, நாகமலை புதுக்கோட்டை பக்கம் யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. பண்ணுகிறார். பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்களின் பேச்சுதான் ஆராய்ச்சி. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்த அத்தனையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பென் டிரைவில் அடங்காத அளவு. அதன் ஹார்ட் டிஸ்க்தான் கொஞ்ச நாளாக 'டக்... டக்...' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எப்ப வேணும்னாலும் நின்னுரும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

செல்வியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டுக்கு முதல் டாக்டர் பட்டம் வரப்போகிற நேரம் இது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் செல்வியின் தம்பி, எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிரைவ் ஒன்றை அனுப்பியிருந்தான். உள்ளே சுற்றுவதற்கு எதுவும் கிடையாதாம். சத்தமே வராதாம்.

அதுதான் முதல் குழப்பம். சத்தம் வராத பொருளுக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா... எப்படித் தெரிந்துகொள்வது? நான் போனபோது செல்வியின் கணவர் முருகேசன், திறந்த கேபினட்டுக்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சுப் பேச்சே இல்லைண்ணே," என்றார்.

எட்டிப் பார்த்தேன். டேட்டா கேபிள் மட்டும் மாட்டியிருந்தது. கரண்ட் கொடுக்கிற கேபிள் அந்தரத்தில் தொங்கியது. ஆஃப் செய்து மாட்டினோம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது கறுப்புத் திரையில் புது டிரைவின் பெயர் மின்னி மறைந்தது. மூன்று பேருமே பார்த்தோம். ஆனால் மை கம்ப்யூட்டரைத் திறந்தால் - பழைய சி டிரைவ், பழைய டி டிரைவ். வேறு ஆளைக் காணோம்.

"இப்பத்தான பேரைச் சொல்லுச்சு? அதுக்குள்ள மறந்துருச்சா?" என்றார் முருகேசன்.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

டிரைவோடு வந்த துண்டுத்தாளைத் திரும்பத் திரும்பப் படித்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்தைச் செல்வி கண்டுபிடித்தார். அங்கே இரண்டு பட்டைகள். ஒன்றின் பெயர் டிஸ்க் ஜீரோ, இன்னொன்று டிஸ்க் ஒன். புதியதை ஃபார்மட் செய்ய வேண்டும், அதாவது மொத்தமாகத் துடைத்துத் தயார்படுத்த வேண்டும். சரி, எது புதுசு?

"ஜீரோன்னா காலின்னுதானே அர்த்தம்? அதுதாம்மா புதுசு," என்றேன். எனக்கு அது நியாயமான வாதமாகத்தான் பட்டது.

"ரெண்டாவதா வந்தது எப்படிண்ணே ஜீரோ ஆகும்? ரெண்டுன்னுல்ல போட்டிருக்கணும்?" என்றார் முருகேசன். ரெண்டு என்று திரையில் எதுவுமே இல்லை.

"டப்பாவுல அறுபத்து நாலு ஜிபின்னு இருக்கு. இந்த ரெண்டுல எதுவும் அறுபத்து நாலு காட்டலையே," என்றார் செல்வி.

வாதம் மூன்று பக்கமும் இழுத்தது. கடைசியில் என் பேச்சைக் கேட்டு முருகேசன் மவுஸை எடுத்தார். ஜீரோவின் மேல் அம்புக்குறி. ரைட் கிளிக். வந்த வரிசையில் ஃபார்மட் என்ற வார்த்தை...

"கையை எடுங்க."

செல்வி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இந்தப் பட்டைக்குள்ள சி, டின்னு எழுதியிருக்கு. நான் பதிஞ்சதெல்லாம் டியிலதான இருக்கு?"

முருகேசன் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியைச் செல்விக்குக் கொடுத்தார்.

இன்னொரு பட்டையில் எந்த எழுத்தும் இல்லை. அதைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் எச்சரித்தது - இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?

"ஒண்ணுமே இல்லாததுல எது அழியும்?" என்று கேட்டார் முருகேசன்.

"இருக்குறது அந்தப் பட்டை. இது வெறும் பட்டை. சரி," என்று செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழுத்திவிட்டார்.

மை கம்ப்யூட்டரில் புதிதாக ஓர் எழுத்து வந்து நின்றது. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காப்பி ஆரம்பித்தது. இருபது நிமிஷம் ஆகும் என்றது. கொஞ்சம் கழித்து மூன்று மணி நேரம் என்றது. அப்புறம் ஐந்தே நிமிஷம். கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று யார் கிளப்பிவிட்டது? அதுவும் நம்மைப் போல உத்தேசமாகத்தான் சொல்கிறது. என்ன... நம்மைவிடக் கொஞ்சம் உறுதியாகச் சொல்கிறது.

எல்லாம் வந்து சேர்ந்தன, ஒரே ஒரு பதிவைத் தவிர. தக்காளி விற்கும் ஓர் அம்மா பேசியது. அந்த இடம் வரும்போதெல்லாம் பழைய டிஸ்க் திணறி நின்றது. மறுநாள் காலை அது எழுந்திருக்கவே இல்லை.

செல்வி உடைந்துபோவார் என்று நினைத்தேன். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பரவைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அந்த அம்மா மறுபடியும் முதலிலிருந்து பேசினாராம். போன தடவை சொல்லாமல் விட்ட ஏலக்கடைச் சண்டை, மழையில் சரக்கு மொத்தமும் அழுகிய கதை, எல்லாம் இந்தத் தடவை சேர்ந்து வந்ததாம். பேசி முடித்துவிட்டுக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"இந்த வாட்டியாவது பத்திரமா வச்சுக்க தாயி. எனக்கு வாய் வலிக்குது."