மாற்றாமல் விட்ட கம்பி

வயல்களுக்கு மருந்து தெளிக்கும் அந்தச் சின்ன விமானத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் மெக்கானிக். ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் ரொம்ப நீளம். "மனுஷங்க பேசினா எங்க மச்சானுக்குக் கேக்காது, இன்ஜின் இருமினா மட்டும் எங்கிருந்தாலும் கேக்கும்" என்று விமானி கிண்டலடிப்பான். விமானி வேறு யாருமில்லை, அவருடைய தங்கையின் கணவன்தான்.

அப்படிப்பட்ட மனிதர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஆபத்தென்றால் மருந்துத் தொட்டியை ஒரே இழுப்பில் காலி செய்ய விமானியின் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. பாரம் போனால்தான் விமானம் மெதுவாகத் தரையிறங்கும். அந்த நெம்புகோல் குலுக்கலில் தானாகவே நகர்ந்து, இரண்டு முறை மருந்தையெல்லாம் ஓடுதளத்தில் கொட்டிவிட்டது. முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். நெம்புகோலின் அடியை இருக்கைக்குக் கீழே மெல்லிய செம்புக் கம்பியால் ஒரு கட்டுப் போட்டால் போதும். குலுக்கலுக்கு அசையாது, பலமாக இழுத்தால் அறுந்துவிடும். அன்றைக்குப் பார்த்துச் செம்புக் கம்பி தீர்ந்துபோயிருந்தது. கைக்கு அகப்பட்ட இரும்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். தினமும் ஞாபகம் வரும், தினமும் வேறு வேலை குறுக்கே வரும். இப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது.

பத்தாம் நாள் காலை, முழுத் தொட்டியோடு கிளம்பிய விமானம் வேலியைத் தாண்டியதும் இருமியது. அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது இருமலில் கரும்புகை கக்கியது, அப்புறம் சத்தமே இல்லை.

"கொட்டுடா மாப்ள! கொட்டித் தொலைடா!" என்று ஓடுதளம் நெடுகக் கத்திக்கொண்டே ஓடினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஏன் விழவில்லை என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அத்தனை பாரத்தோடும் உழுத வயலில் மோதி இறங்கியது விமானம். சக்கரங்கள் முறிந்து, மூக்கு மண்ணில் புதைந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் நசுங்கியிருந்தன. வலது உள்ளங்கை கிழிந்து தொங்கியது. எத்தனை முறை இழுத்தானோ, பாவி மனுஷன்!

கால்களை எடுத்த நான்காம் நாள், விசாரணை அதிகாரி வார்டுக்கு வந்தார். இருக்கைக்கு அடியெல்லாம் நொறுங்கிக் கிடந்ததில் கம்பியை யாரும் கவனிக்கவில்லை.

"தொட்டியை ஏன் காலி பண்ணல?"

"பயத்துல மறந்துட்டேன் சார். என் தப்புதான்" என்றான் மாப்பிள்ளை. அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மச்சான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி எழுதத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மெக்கானிக்கின் வேலையும் தப்பியிருக்கும், மானமும் தப்பியிருக்கும். அவரால் முடியவில்லை.

"பொய் சார். அவன் இழுத்தான், கையைப் பாருங்க. இரும்புக் கம்பியால கட்டி வெச்சது நான்தான்."

"ஏன் மச்சான் வாயைத் திறந்தே?" என்று மாப்பிள்ளை முனகினான். "நான் இப்படிக் கெடக்கேன், நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா உன் தங்கச்சிக்கு யாரு இருக்கா?"

கட்டிலருகே நின்ற தங்கை அழவுமில்லை, திட்டவுமில்லை.

"எத்தனை நாளாண்ணா இருந்துச்சு அந்தக் கம்பி?"

"ஒம்பது நாள்."

"ஒம்பது நாளும் எங்க வீட்டுலதானே சாப்பிட்டே? அவர் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டே?"

"ஆமாம்மா" என்றார்.