வெள்ளைப் பல்லிகளும் மாமாவின் சுத்தியலும்

மாமாவின் சுத்தியல் கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். அம்மாவின் கடைசித் தம்பி அவர், எலெக்ட்ரீஷியன். சுவரில் ஆணி அடிக்கிற அதே சுத்தியலால்தான், முட்டையிலிருந்து கோணலாக வெளிவந்த பல்லிக்குஞ்சுகளையும் நசுக்குவார். மொட்டைமாடிச் சிமென்ட்டில் ஒரே அடி. அப்பளம் நொறுங்குகிற அளவுக்குத்தான் சத்தம். பிறகு ஒரு வாளித் தண்ணீர். என் முன்பல் பாதி உடைந்ததற்கு மட்டும் அந்தச் சுத்தியல் காரணமில்லை, அவருடைய முஷ்டி.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறை முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே லெப்பர்ட் கெக்கோ என்கிற வெளிநாட்டுப் புள்ளிப் பல்லிகள். ஒரு ஆண் மட்டும் பால்போல வெள்ளையாகப் பிறந்தது. மாமாவுக்கு அதன் மேல் உயிர். அந்த நிறம் கைவிட்டுப் போகக்கூடாதென்று அதன் மகளையே அதற்கு ஜோடி சேர்த்தார். பிறகு மகளின் மகளை. பயோடெக்னாலஜி முடித்த வேகத்தில் நான் மூச்சுவிடாமல் விளக்கினேன்: எல்லா உயிரிலும் ஏதாவது குறை ஒளிந்திருக்கும், சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் அதே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து வெளியே தெரியும், வேறு வம்சத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வா.

"வெளி ரத்தம் வந்தா வெள்ளை போயிடும்டா, சும்னே இரு. பல்லிக்கு ஏதுடா முறை?" என்று கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்தார்.

முதல் ஈடு குறையில்லாமல் பொரிந்தது. அதுதான் ஏமாற்றியது. அடுத்ததில் முதுகு வளைந்தவை, கண்ணே இல்லாதவை. சுத்தியலுக்கு வேலை வந்தது.

அக்காவுக்கு மாமாவோடு பூ வைக்கிற நாள். அக்கா பிறந்த அன்றே முடிவான உறவு. அன்று காலையும் மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. இரண்டை மாமா அடித்து முடித்திருந்தார். "அக்காவைக் கட்டினா உங்க ரெண்டு பேருக்கும் இதே ஆபத்துதான் மாமா" என்றேன். முஷ்டி வந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஓடிவந்த அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். "நானும் அத்தை மகனைத்தான் கட்டுனேன். உனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"முதல் ஈடும் நல்லாத்தாம்மா பொறந்துச்சு" என்று ரத்தத்தோடு துப்பினேன்.

அக்கா மூன்றாவது குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கண்ணிருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"நமக்கு இப்படி ஒண்ணு பொறந்தா எதால அடிப்ப மாமா?"

மாமா சுத்தியலை ஓங்கினார். அக்கா கையை இழுக்கவில்லை. அவர் அறைக்குள் திரும்பினார், டப்பாக்கள் ஒவ்வொன்றாகச் சிதறின. கடைசியில் அந்த வெள்ளை ஆணையும் அடித்தார். ஒரு அடி போதும், பல அடிகள் அடித்தார். கீழே பூக்கூடை வந்து காத்திருந்தது. அது யார் தலைக்கும் ஏறவில்லை.

இன்று அக்கா எலெக்ட்ரானிக் சிட்டியில், சொந்தத்துக்கு வெளியே கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கிறாள். போன வாரம் தொட்டில் கொக்கி மாட்ட மாமாதான் வந்தார். அதே சிவப்பு டேப். முதல் அடியில் குழந்தை திடுக்கிட்டுக் கண் திறந்தது. மாமா ஸ்டூலிலிருந்து இறங்கி, குனிந்து, ஒரு கண்ணைப் பார்த்தார், பிறகு இன்னொன்றை.

"ரெண்டும் இருக்கு மாமா, எண்ணாத" என்றாள் அக்கா.

அவர் கைக்குட்டையைச் சுத்தியலின் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மீதியைச் சத்தமே வராமல் தட்டினார்.