முனீஸ்வரருக்கு ஒரு ஹார்ன்

என் தங்கை துளசியைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அவளுக்கு நடை பழக்கியவள் நான்தான். ஆயர் ஈத்தாமில் சின்னையா அண்ணனின் மாவுக் கடையில் உளுந்து அரைக்கிறாள். வயது நாற்பத்து மூன்று. வாய்க்கு வயது கிடையாது.

கடையின் வேன் டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, "லைசன்ஸ் எடுத்துக்கிட்டு வா, வேன் உனக்குத்தான்" என்றார் சின்னையா அண்ணன். ஈரத் தரையில் நின்று நின்று அவளுக்குப் பாதமெல்லாம் வெடித்திருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவள் ஏங்கினாள். ஆனால் இரண்டு முறை தேர்வில் தோற்றாள். இன்னொரு முறை தோற்றால் வேறு ஆளை வைத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது தேர்வுக்கு நானும் துணைக்குப் போய், வெளியே காத்திருந்தேன். காருக்குள் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். சந்தேகம் வந்த இடத்தில் மறுபடியும் கேட்டுக்கொண்டேன். பேச்சு மலாய் மொழியில் நடந்தது; புவான் என்றால் மேடம்.

தேர்வதிகாரி ஃபாத்தின், சிரிக்காத பெண்மணி. சிக்னல், கண்ணாடி, கியர் எல்லாவற்றையும் துளசி ஒழுங்காகச் செய்தாள். ஒரு வளைவில், மரத்தடியில் சின்ன முனீஸ்வரர் கோவில் வந்தது. நம் ஆட்கள் அதைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். அவள் கணவர் தயாளன் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பார்த்த பழக்கம். அவள் கை தானாகப் போய் அழுத்திவிட்டது.

"எதுக்கு ஹார்ன்? ரோட்டுல யாருமே இல்லையே?"

"இருக்காரு, புவான். உள்ள உக்காந்திருக்காரு."

"ஆபத்துன்னாதான் அடிக்கணும். சட்டம் தெரியுமா?"

"தெரியும், புவான். அடிக்காமப் போனா எனக்குத்தான் ஆபத்து."

ஃபாத்தின் பேனாவைத் திறந்தார். இனிச் செத்தாலும் ஹார்னைத் தொடுவதில்லை என்று துளசி ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

சற்றுத் தள்ளி, ஒரு சந்திலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று வெளியே வந்தது. ஓட்டியவர் போனில் பேசிக்கொண்டே நேராகக் காருக்கு முன்னால் வந்துவிட்டார். துளசி பிரேக்கை மிதித்தாள்.

"ஹார்ன்! ஹார்ன் அடி!"

"இப்ப அடிக்கலாமா, புவான்?"

"அடி லா!"

அதற்குள் கார் நின்றுவிட்டது. மோட்டார்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய்விட்டார்.

தேவையில்லாமல் அடித்ததற்குப் புள்ளி குறைந்தது. தேவையானபோது அடிக்காததற்கும் குறைந்தது. ஆனால் பதறாமல் பிரேக் போட்டது அவளைக் காப்பாற்றியது. மயிரிழையில் பாஸ்.

"ஹார்ன் அடிக்க என்கிட்ட பர்மிஷன் கேட்ட மொத ஆளு நீதான்" என்று இறங்கும்போது ஃபாத்தின் சிரித்தே விட்டாராம்.

துளசி அங்கேயே நின்று சின்னையா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வேன் சாவிய எடுத்து வைங்க."

"சாவி இருக்கும்மா. ஹார்ன்தான் வேல செய்யல. பரவாயில்லையா?"

"என்னண்ணே நீங்க, சட்டம் தெரியாதா? ஹார்ன் இல்லாத வண்டிய ரோட்டுல எறக்கக் கூடாது. நாளைக்கே மாத்துங்க. டிரைவர் சொல்றேன்ல?"