பல் செட்டில் குடியேறிய கோமாளி மீன்கள்

செய்து முடித்த பல் செட்டை அந்தப் பல் செட்காரர் ஒருநாளும் காய விட்டதில்லை. கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும் என்றால் பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதில் போட்டுவிடுவார். காய்ந்தால் செட் கோணிக்கொள்ளும், அப்புறம் வாயில் உட்காராது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குடிக்க வைத்த டம்ளரில் பல், பூச்சாடியில் பல், ஒருமுறை அரிசி ஊறவைத்த பாத்திரத்தில் கீழ்வரிசை முழுவதும்.

"யாரோடதுங்க இது?"

"தபால்காரரோடது" என்பார், தபால்காரரே வந்து உட்கார்ந்திருப்பது போல. அவள் அரிசியை இன்னொரு தரம் கழுவுவாள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் மெழுகும் மாவு அச்சும் தேய்க்கிற மோட்டாரும், மறு பக்கம் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி. அந்தத் தொட்டி வந்த கதைக்கு அவளுடைய அண்ணன்தான் பொறுப்பு. அண்ணன் மீன் கடை வைத்திருக்கிறார். சாப்பிடுகிற மீன் இல்லை, பார்க்கிற மீன். அவர் கொடுத்த நீல மீனும் மஞ்சள் மீனும் ஒரு மாதம் தாண்டாது. செத்தால் புதுசு வாங்கிப் போட வேண்டும், அதுவும் அண்ணன் கடையில்.

ஒருநாள் பல் செட் கட்ட ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலத்தில் கடலில் மூழ்கி மீன் பிடித்தவர். அளவெடுக்க வாய் நிறைய மெழுகு வைத்திருந்தும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு, பவளப்பாறை இடுக்கில் விஷத்தண்ணியைப் பீச்சி, மயங்கின மீனைக் கையால் அள்ளினதையும், மயங்காத மீனுக்காகப் பாறையையே கடப்பாறையால் பெயர்த்ததையும் சொன்னார். "உன் மீன் சீக்காளியாத்தான் வரும் தம்பி. பாதி செத்துத்தான் கரைக்கே வரும்."

அன்று பல் செட்காரர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவும்போது சொன்னார். "இனிமே கடல்ல பிடிச்சது ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வராது."

தொட்டியில் மிச்சமிருந்த மீன்கள் ஆயுசு முடிந்து போயின. நிஜப் பவளத்துக்குப் பதில் அவரே செய்தார், பல் செட்டுக்கு ஈறு வார்க்கிற அதே சாமானில். கிளை கிளையாக அழகாகத்தான் வந்தது. நிறம் மட்டும் ஈறு நிறம்.

"தொட்டி மாதிரியே இல்லீங்க. யாரோ கொட்டாவி விடுற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அதற்குள், கடலையே பார்க்காமல் ஏதோ ஒரு தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜோடிக் கோமாளி மீன்களை எங்கிருந்தோ வரவழைத்து விட்டார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. அதுகள் முட்டை போட்டு, குஞ்சு வளர்ந்து, ஊரில் ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டால் கடலில் கை வைக்க வேண்டாமே என்பது அவருடைய ஆசை. விடிந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, தொட்டிக்குள் தலையை நீட்டி முட்டை தேடுவார். வருஷம்தான் போனது.

அண்ணனுக்கு இது வாயில் போட்ட வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது. "என்ன மாப்ள, விசேஷம் ஏதாச்சும் உண்டா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"சிரிங்க மச்சான், சிரிங்க."

"உன் மீன் பிள்ளை பெத்து, அது வளரவும் செஞ்சிருச்சுன்னா, நான் கடல் கோமாளி வாங்குறதையே விட்டுர்றேன். போதுமா?"

சிரித்த வேகத்தில் அண்ணனின் மேல்வரிசை செட் கழன்று மடியில் விழுந்தது. அப்போதே அதை மாப்பிள்ளையிடம் கொடுத்து, வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தலில் பேச வேண்டும், அதற்குள் இறுக்கிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் இறுக்கினார், மெருகேற்றினார். வைக்க இடம் தேடியபோது பக்கத்தில் இருந்த தண்ணீர் மீன் தொட்டி. கை தன்னால் போட்டுவிட்டது. அடுத்த வேலையில் அதை மறந்தும் போனார்.

முதலில் பார்த்தது மனைவிதான். பெண் மீன் அண்ணனுடைய செட்டின் அண்ணப் பகுதியை வாயால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மறுநாள் அங்கே ஆரஞ்சுப் புள்ளிகள், வரிசை வரிசையாக. ஆண் மீன் செட்டுக்குள் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க மருமகள் முழுகாம இருக்கா" என்று கூப்பிட்டாள்.

அவர் ஓடி வந்து பார்த்தார். முதலில் கண் கலங்கியது. பிறகுதான் அது யாருடைய பல் என்பது உறைத்து, முகம் வெளுத்தது.

தேர்தலன்று காலையில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையும் பொக்கை வாயுமாக வந்து நின்றார்.

"எடு மாப்ள."

"எடுத்தா முட்டை அத்தனையும் போயிரும் மச்சான். பொரிக்க இன்னும் கொஞ்ச நாளுதான்."

"புதுசு ஒண்ணு செய்ய எத்தனை நாளாகும்?"

"அதுக்கு, முட்டை பொரியுறத விடக் கூட ஆகும்."

அண்ணன் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் விட்டார். விரல் நீளம்கூட இல்லாத ஆண் மீன் பாய்ந்து வந்து அவர் விரலைக் கடித்தது. கையை இழுத்தார். மறுபடி விட்டார். மறுபடி கடி. மாப்பிள்ளை தடுக்கவில்லை, தொட்டியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார். அதை அவள் கவனித்தாள்.

"அண்ணே, எடுக்கிறதுக்கு முன்ன ஒருதரம் கிட்டக்கப் பாரு" என்றாள்.

அவர் குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். எல்லாம் அவரையே பார்த்தன.

"எவ்வளவு கோமாளி வித்திருப்பேன்" என்றார் மெதுவாக. "ஒண்ணுகூட என் கடையில முட்டை போடுற அளவுக்கு இருந்ததில்ல." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரி, நான் என்னத்த வச்சுப் பேசுறது?"

"கைக்குட்டைய வச்சுக்கிட்டுப் பேசு" என்றாள் தங்கை.

அப்படியே பேசினார். கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம், பாத்துச் செய்யுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இதுவரை யாரும் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை என்று சங்கமே நெகிழ்ந்துபோய் அவரையே தலைவராக்கியது.

முதல் தரம் பொரித்த குஞ்சுகள் ஒன்றும் தங்கவில்லை. பல் செட்காரர் ஒரு நாள் முழுக்க மோட்டாரைத் தொடவில்லை. செட்டைக் கொதிக்கவைத்துக் கழுவி மச்சானிடம் நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரசவம் பாத்த இடத்தை எப்படி மாப்ள வாயில வைக்கிறது? உள்ளயே போடு. எனக்கு வேற செஞ்சுக் குடு."

உள்ளே போட்டார். மூன்றாம் தரம் பொரித்ததில் ஒரு கைப்பிடி தேறியது.

இப்போது அண்ணன் கடையில் கடல் கோமாளி இல்லை. அங்கே கோமாளித் தொட்டியில் நீந்துவதெல்லாம் அவருடைய பழைய பல்லில் பிறந்தவை. நீல மீனும் மஞ்சள் மீனும் இன்னும் கடலிலிருந்துதான் வருகின்றன, அதில் மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம் ஓயவில்லை. அண்ணனின் புது செட் போன வாரம் பழுதுக்கு வந்தது. அது இப்போது அவளுடைய காப்பி டம்ளரில் இருக்கிறது.